மூட்டையின் எடையும் முதுகின் கணக்கும்

பாரம் தூக்குவதால் வரும் காயத்துக்கு வெளியிலிருந்து ஓர் அடி விழ வேண்டியதில்லை. இயந்திரத்தில் கை சிக்குவதில்லை, மேலிருந்து எதுவும் விழுவதில்லை, கால் வழுக்குவதுமில்லை. தூக்குகிறவரின் தசையும் தசைநாரும் முள்ளெலும்புகளுக்கு இடையிலுள்ள தட்டும் தம் வலுவின் எல்லையைத் தாண்டும்போது உடல் உள்ளுக்குள்ளேயே சேதமடைகிறது. தூக்குவது மட்டுமின்றி, இறக்குவது, தள்ளுவது, இழுப்பது, சுமந்து நடப்பது ஆகியவற்றால் வரும் காயங்களும் இந்த வகையில்தான் சேரும். மூச்சுப்பிடிப்பு, இடுப்புப்பிடிப்பு, சுளுக்கு, குடலிறக்கம் என்று தமிழில் இதற்குப் பல பெயர்கள் புழங்குகின்றன. தொழிலோடு இவற்றைத் தொடர்புபடுத்திப் பார்த்ததும் நேற்றைய செய்தியல்ல. இத்தாலிய மருத்துவர் பெர்னார்டினோ ரமாட்சினி 1700-இல் வெளியிட்ட தொழிலாளர் நோய்கள் பற்றிய நூலில் சுமைகூலிகளுக்கென ஓர் அத்தியாயத்தை ஒதுக்கி, அவர்களுக்குக் குடல் இறங்குவதைக் குறித்திருக்கிறார்.

முந்நூறு ஆண்டுகள் கழிந்தும் இந்தக் காயம் குறையவில்லை. அமெரிக்காவில் தொழிலாளர் இழப்பீட்டுக்குச் செலவாகும் பணத்தில் பல ஆண்டுகளாக முதலிடம் பெறுவது இதுதான். உலகெங்கும் 2020-இல் இடுப்பு வலியோடு வாழ்ந்தவர்கள் சுமார் 61.9 கோடி பேர். மனிதர்களை நீண்ட காலம் முடக்கி வைக்கும் காரணங்களில் இடுப்பு வலியே முன்னால் நிற்கிறது. அந்த வலி எல்லாவற்றுக்கும் தொழில் காரணமல்ல. ஆனால் நாள் முழுதும் குனிந்து நிமிர்ந்து பாரம் தூக்குகிறவர்களிடம் அது மிகுதி என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை.

எல்லைப் பகுதியின் சுமைகள்

பாலக்காடு மாவட்டம் சித்தூர் வட்டத்தின் கிழக்கோரத்தில், கோவை மாவட்டத்தைத் தொட்டுக்கொண்டு கிடக்கிறது வடகரப்பதி ஊராட்சி. கொழிஞ்சாம்பாறை, எருத்தேம்பதி ஆகிய ஊராட்சிகளும் இதே தமிழ் பேசும் பட்டையில் அடங்கும். கேரளத்தின் மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் மழை குறைந்த மண் இது. தென்னை, நிலக்கடலை, காய்கறி என விளைவது எதுவானாலும் மூட்டையாகவோ பெட்டியாகவோ கட்டப்பட்டு வண்டி ஏறியாக வேண்டும். வேலந்தாவளம் காய்கறிச் சந்தையில் அது இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. விளைந்த இடத்திலிருந்து சமையலறை வரைக்கும் ஒரு மூட்டையை எத்தனை முறை மனிதக் கை தூக்குகிறது என்று எண்ணினால் ஐந்தாறு முறைக்குக் குறையாது.

இந்தச் சந்தையிலும், இதைப் போன்ற எந்தச் சந்தையிலும், ஒரு வேறுபாடு கண்ணில் படும். தக்காளி சிறு பெட்டிகளில் வருகிறது. பெட்டியை ஓர் ஆள் சிரமமின்றி எடுத்து வைக்கலாம். பெரிய வெங்காயமோ 50 கிலோ சாக்கில் வருகிறது. தக்காளியைச் சாக்கில் அடைத்தால் அடியில் இருப்பது நசுங்கிவிடும், வெங்காயம் நசுங்காது. ஆகவே சிப்பத்தின் அளவைத் தீர்மானிப்பது பொருளின் தாங்குதிறன்தான். தூக்குகிறவரின் தாங்குதிறன் அந்தக் கணக்கில் நுழைவதே இல்லை. காயைக் காப்பாற்றச் சிறிய பெட்டி செய்ய முடிந்திருக்கிறது என்பதை மட்டும் இங்கே குறித்துக்கொள்ளலாம்.

தெற்கே இடுக்கியின் எல்லையோரத்தில் சுமையின் தன்மை மாறுகிறது. ஏலக்காய்த் தோட்டங்களுக்குக் கம்பம் பள்ளத்தாக்கிலிருந்தும் போடி பக்கமிருந்தும் தினமும் விடியுமுன் ஜீப்புகளில் ஆள்கள் மலையேறுகிறார்கள், பெரும்பாலும் பெண்கள். ஏலச் செடியில் காய்ப்பது உச்சியில் அல்ல, தூரில். தூரிலிருந்து தரையோடு படரும் சரங்களில் காய் இருப்பதால் எடுக்கிறவர் நாள் முழுதும் குனிந்தே இருக்க வேண்டும். எடுத்த பச்சைக் காயை உலர்த்தும் ஸ்டோருக்குச் சுமந்து வருவது அடுத்த வேலை. நூறு கிலோ பச்சைக் காய் உலர்ந்தால் சுமார் இருபது கிலோதான் மிஞ்சும். சரிவில் ஏறி இறங்கிச் சுமக்கப்படும் எடையில் பெரும்பகுதி ஆவியாகப் போகிற தண்ணீர்.

தேயிலையிலும் கதை அதுவே. மூணாறு மலைகளில் கிள்ளிய கொழுந்தை மூட்டையாகக் கட்டித் தலையிலோ முதுகிலோ ஏற்றி எடை போடும் இடத்துக்குக் கொண்டுவருவது பெண்களே. மழைக்காலத்தில் கொழுந்தோடு ஈரமும் சேர்ந்து கனக்கும். தேயிலைத் தோட்டங்களில் எடை போடும்போது ஈரத்துக்கும் சாக்குக்கும் கழிவு பிடிப்பது வழக்கம். கழிக்கப்படும் கிலோக்களுக்குக் கூலி இல்லை. ஆனால் அவற்றைச் சுமந்தது அவர்களின் கழுத்தும் இடுப்புந்தான். 2015 செப்டம்பரில் மூணாறில் பெண் தொழிலாளர்கள் சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டுத் தாமே நடத்திய ‘பெம்பிளை ஒருமை’ போராட்டம் போனசையும் கூலியையும் முன்வைத்தே பேசப்பட்டது. அந்தக் கூலிக்குப் பின்னால் இருந்த உடல் தேய்மானம் அதே அளவுக்குப் பேசப்படவில்லை.

இந்த மலையில் சுமையைக் குறைக்கும் பொறியியல் தெரியாமல் இல்லை. 1902-இல் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குக் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே ஒற்றைத் தண்டவாளப் பாதை போடப்பட்டது; 1908-இல் அது சிறு ரயில்பாதையானது; 1924 வெள்ளம் அதை அடித்துச் சென்றது. டாப் ஸ்டேஷனிலிருந்து கீழே கொட்டகுடிக்குக் கம்பிவடப் பாதையில் தேயிலைப் பெட்டிகள் இறங்கின. தூளாகி, பெட்டியில் அடைக்கப்பட்டு, விலை ஏறிய தேயிலைக்கு ரயிலும் கம்பிவடமும் கிடைத்தன. அதே தேயிலை கொழுந்தாக இருந்த வரைக்கும் பெண்களின் தலைதான் அதற்கு வாகனம்.

முதுகுக்குள் நடப்பது

கீழ் இடுப்பில் ஐந்து முள்ளெலும்புகள் ஒன்றன்மேல் ஒன்றாக அமர்ந்திருக்கின்றன. அவற்றுக்கு நடுவே மெத்தை போலத் தட்டுகள் உண்டு. ஒவ்வொரு தட்டின் மையத்திலும் கூழ் போன்ற பகுதி. அதைச் சுற்றி வெங்காயத் தோல் போல அடுக்கடுக்காக நார் வளையம். குனிந்து எடுக்கும்போது இந்த அமைப்பு ஒரு நெம்புகோலாகிறது. பிரச்சினையின் வேர் இந்த நெம்புகோலின் அளவில்தான் இருக்கிறது. முதுகை நிமிர்த்தும் தசைகள் முள்ளெலும்பின் மையத்திலிருந்து ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் தூரத்தில் இழுக்கின்றன. கையில் இருக்கும் பாரமோ 40 சென்டிமீட்டர் முன்னால் தொங்குகிறது. 20 கிலோ பாரம் 40 சென்டிமீட்டர் தூரத்தில் இருந்தால் அதைச் சமன் செய்யத் தசை எட்டு மடங்கு, அதாவது 160 கிலோவுக்கு ஈடாக இழுக்க வேண்டும். குனிந்த உடம்பின் மேற்பாதியும் ஒரு பாரம்தான். 30 கிலோ மேலுடல் 20 சென்டிமீட்டர் முன்னால் சாய்ந்தால் இன்னொரு 120 கிலோ சேரும். ஆக, வெறும் 20 கிலோ பெட்டியைக் குனிந்து எடுக்கும்போதே கீழ்த்தட்டின் மேல் 280 கிலோவுக்கு மேற்பட்ட அழுத்தம் விழுகிறது. பாரத்தை வயிற்றோடு ஒட்டி அணைத்துக்கொண்டால் இந்தத் தொகை சட்டென்று சரியும். அனுபவமுள்ள லோடுமேன் மூட்டையை உடம்போடு சேர்த்துப் பிடிப்பதன் காரணம் இதுவே.

அமெரிக்காவின் தேசியத் தொழில்பாதுகாப்பு ஆய்வு நிறுவனம் 1981-இல் ஒரு தூக்குச் சூத்திரத்தை வெளியிட்டு, 1991-இல் திருத்தியது. தட்டின் மேல் 3,400 நியூட்டன், அதாவது சுமார் 350 கிலோ அழுத்தத்தைத் தாண்டக்கூடாது என்பது அதன் அடிப்படைகளுள் ஒன்று. எல்லாச் சூழலும் மிகச் சாதகமாக இருக்கையில், அதாவது பாரம் உடம்போடு ஒட்டி, தொங்கும் கையின் விரல்கணு உயரமான 75 சென்டிமீட்டரில், திரும்பாமல், எப்போதாவது ஒரு முறை தூக்கும்போது, 23 கிலோ வரை தூக்கலாம் என்று அது தொடங்குகிறது. சூழல் கெடக் கெட அந்த 23 சுருங்கும். தரையோரம் 15 சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும் மூட்டையை 40 சென்டிமீட்டர் எட்டிப் பிடித்து, 120 சென்டிமீட்டர் உயரமுள்ள லாரித் தளத்தில் ஓர் ஆள் ஏற்றுவதாகக் கொண்டால், சூத்திரம் தரும் விடை 10 கிலோவுக்குச் சற்று மேல். கைப்பிடி இல்லாத சாக்கு, நிமிடத்துக்கு இரண்டு மூட்டை, நாள் முழுக்க வேலை என்பவற்றையும் சேர்த்தால் 6 கிலோ ஆகிவிடும். 50 கிலோ சாக்கை இரண்டு பேர் பிடித்து ஏற்றினாலும் இந்த எல்லையிலிருந்து வெகு தூரத்தில்தான் நிற்கிறோம். இருவர் சேர்ந்தால் வலு இரட்டிப்பாகாது என்பதும் கவனிக்க வேண்டியது. ஒருவர் முந்துவார், மற்றவர் பிந்துவார், பாரம் ஒரு பக்கம் சாயும்.

தட்டின் இன்னொரு இயல்பு இந்தக் காயத்தை ஏமாற்றுக்காரனாக்குகிறது. தட்டுக்கு நேரடி இரத்த ஓட்டம் இல்லை. உட்பகுதியில் வலி நரம்பும் இல்லை. அழுத்தம் மீறும்போது முதலில் விரிசல் விடுவது தட்டையும் எலும்பையும் பிரிக்கும் மெல்லிய தகடு. அந்த விரிசல் உடனே வலிப்பதில்லை. நார் வளையம் உள்ளேயிருந்து வெளியே கொஞ்சம் கொஞ்சமாகக் கிழிந்து, வெளிவிளிம்பை எட்டும்போதுதான் வலி வருகிறது. ஆயிரம் மூட்டைகள் செய்த சேதம் கடைசியில் ஒரு சிறு பெட்டியைத் தூக்கும்போதோ, தும்மும்போதோ, குழந்தையை எடுக்கும்போதோ வெளிப்படலாம். அந்தக் கடைசித் தூக்கைத்தான் எல்லாரும் காரணமாக நினைவில் வைக்கிறார்கள்.

நேரமும் இதில் சேர்ந்துகொள்கிறது. இரவு படுத்திருக்கையில் தட்டுகள் நீரை உறிஞ்சிப் பருக்கின்றன. எழுந்து நடமாடிய முதல் ஒரு மணி நேரத்தில் அந்த நீரில் பெரும்பகுதி வெளியேறுகிறது. பருத்த தட்டு வளைவதற்கு மறுக்கும். அந்நேரம் குனிந்தால் நார் வளையத்தின் மேல் விழும் இழுவை மற்ற நேரத்தைவிட மிக அதிகம். நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் காலையில் குனிவதைத் தவிர்த்தாலே வலி குறைந்ததை 1998-இல் ஸ்டோவர் ஸ்னூக் குழுவினரின் ஆய்வு காட்டியது. சந்தை வேலையோ விடியலுக்கு முன்பே தொடங்குகிறது. உறக்கம் கலைந்து எழுந்து, ஒரு டீ குடித்துவிட்டு முதல் லாரியில் கை வைக்கும் அந்த அரை மணி நேரமே முதுகுக்கு மிகக் கெட்ட நேரம். ஏலத் தோட்டப் பெண்களுக்கு இதோடு ஜீப்பின் குலுக்கலும் சேர்கிறது. நெருக்கியடித்து உட்கார்ந்து மலைப்பாதையில் குலுங்கிவிட்டு, இறங்கியதும் குனிய வேண்டும்.

தலைச்சுமை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாரம் தலைமேல் நேர்செங்குத்தாக நிற்கையில் இடுப்புக்கு முன்னால் நெம்புகோல் இல்லை. கென்யப் பெண்கள் தம் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு வரை தலையில் வைத்துக் கூடுதல் ஆக்சிஜன் செலவின்றி நடந்ததை 1986-இல் வெளியான ஓர் ஆய்வு பதிவு செய்தது. நேபாள மலைச் சுமையாளர்கள் நெற்றிப்பட்டையில் ஏறக்குறையத் தம் உடல் எடை அளவுக்கே சுமப்பதை 2005-இல் இன்னோர் ஆய்வு அளந்தது. இவற்றை வைத்துத் தலைச்சுமை தீங்கற்றது என்று முடிவு கட்டக்கூடாது. அந்த ஆய்வுகள் அளந்தது மூச்சை, கழுத்தெலும்பை அல்ல. ஆப்பிரிக்காவில் தலைச்சுமையாளர்களை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது கழுத்துத் தேய்மானம் மற்றவர்களைவிட இளம் வயதிலேயே தென்பட்டது. சும்மாடு தோலைக் காக்கும், பாரத்தை அசையாமல் இருத்தும். கழுத்தில் இறங்கும் எடையில் ஒரு கிராமைக்கூடக் குறைக்காது.

மேலும், தலைச்சுமையில் ஆபத்து நடையில் இல்லை. தரையிலிருந்து தலைக்கு ஏற்றும் கணத்திலும் தலையிலிருந்து தரைக்கு இறக்கும் கணத்திலும் இருக்கிறது. இந்த உண்மையைத் தமிழகமும் கேரளமும் கல்லில் எழுதி வைத்திருக்கின்றன. இரண்டு நெடுங்கற்களை நட்டு, மேலே ஒரு கிடைக்கல்லை வைத்த சுமைதாங்கி, யார் துணையுமின்றித் தலைச்சுமையை அந்த உயரத்திலேயே தள்ளி வைக்கவும், இளைப்பாறியபின் அந்த உயரத்திலேயே மறுபடி தலைக்கு இழுத்துக்கொள்ளவும் உதவியது. தரை வரைக்கும் இறக்க வேண்டிய தேவையே இல்லை. கருவுற்ற நிலையில் இறந்த பெண்களின் நினைவாகவும் இக்கற்களை நட்டதுண்டு. மலையாளத்தில் இதன் பெயர் அத்தாணி. அந்தப் பெயரில் கேரளத்தில் ஊர்களே உண்டு. இன்று தூக்கும் உயரத்தைப் பற்றிச் சூத்திரம் சொல்வதை அன்று கல்தச்சர் ஊர் வழியில் செய்து வைத்தார்.

கூலி முறையும் காயமும்

ஏற்றுக்கூலி, இறக்குக்கூலி, மூட்டைகளை அடுக்கி அட்டி போடும் கூலி என்று சுமைத் தொழிலில் ஊதியம் மூட்டைக் கணக்கில் அல்லது டன் கணக்கில் வருகிறது. பத்து டன் லாரிக்கு 50 கிலோ மூட்டை 200. நான்கு பேர் கூட்டாக ஏற்றினால் ஆளுக்கு 50 மூட்டை, இரண்டரை டன். ஒரு நாளில் மூன்று லாரி என்றால் ஏழரை டன். லாரி சீக்கிரம் கிளம்ப வேண்டும் என்பது வியாபாரியின் அவசரம்; அடுத்த லாரியைப் பிடிக்க வேண்டும் என்பது கூட்டத்தின் அவசரம். மூச்சு வாங்க நிற்பவர் தன் கூலியை மட்டுமல்ல, கூட்டாளிகளின் கூலியையும் பிடித்து வைக்கிறார். எனவே வலியை மறைப்பது இந்தத் தொழிலில் நாணயத்தின் அடையாளமாகிவிட்டது. காயத்துக்குத் தொழிலாளியின் அலட்சியத்தைக் காரணம் காட்டுவது எளிது. ஆனால் அவர் வேகத்தைக் கூலி முறை நிர்ணயிக்கிறது, எடையைச் சாக்கு நிர்ணயிக்கிறது, உயரத்தை லாரி நிர்ணயிக்கிறது. அவர் கையில் மிஞ்சுவது மிகக் குறைவு.

வலி வந்தபின்

முதல் நாள் வலிக்குச் சுளுக்கு வழிப்பதும், எண்ணெய் போட்டு நீவுவதும், கடையில் வலி மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டு மறுநாள் மூட்டைக்குப் போவதும் வழக்கம். நீவுவதில் பெரும்பாலும் கெடுதல் இல்லை. மாத்திரையை மாதக்கணக்கில் விழுங்குவது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பழுதாக்கும். எதிர்த் திசையில், முழு ஓய்வு என்று வாரக்கணக்கில் படுத்துக்கிடப்பதும் பயன் தராது. 1995-இல் ஹெல்சிங்கி நகராட்சி ஊழியர்களிடையே நடந்த ஆய்வில், திடீர் இடுப்பு வலி வந்தவர்களுள் படுக்கையில் கிடந்தவர்களைவிடவும் உடற்பயிற்சி செய்தவர்களைவிடவும், வலி அனுமதித்த அளவுக்கு வழக்கமாக நடமாடியவர்களே விரைவில் குணமானார்கள். பெரும்பாலான வலிகள் சில வாரங்களில் தணிந்துவிடும்.

ஆனால் நடமாடுவது வேறு, 50 கிலோ தூக்குவது வேறு. அலுவலகத்தில் வேலை செய்பவருக்கு இந்த அறிவுரை பொருந்தும். மூட்டைக் கூலிக்காரருக்கு இடைநிலை வேலை என ஒன்று இல்லை. ஒன்று முழு மூட்டை, இல்லாவிட்டால் கூலியில்லாத வீடு. குணமாகாத தட்டின் மேல் மறுபடி பாரம் விழுவதால்தான் சில வார வலி சில ஆண்டு வலியாகிறது.

ஸ்கேன் படத்தைக் கண்டு அஞ்சத் தேவையில்லை. வலியே இல்லாத இருபது வயதினரிலும் மூன்றில் ஒருவருக்கு மேல் தட்டுத் தேய்மானம் படத்தில் தெரியும். படத்தைவிட அறிகுறிகள் முக்கியம். சிறுநீர் கழிப்பதில் திடீர்த் தடை, தொடையிடுக்கில் மரத்துப்போதல், கால் பலவீனம் கூடிக்கொண்டே போதல் ஆகியவை தெரிந்தால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நரம்புக்கற்றை நசுங்கினால் மணிக்கணக்கில் நிரந்தரச் சேதம் நேரும். பெண்கள் பிரசவம் முடிந்த சில வாரங்களில் கனம் தூக்குவது கருப்பை இறக்கத்துக்கு வழிவிடும். அதை வெளியே சொல்லக் கூசுவதால் ஆண்டுக்கணக்கில் மறைத்து வாழ்கிறவர்கள் தோட்டங்களில் குறைவல்ல.

சட்டத்தின் பார்வை

வெளியடி இல்லாத காயத்தை விபத்து என்று ஏற்கலாமா என்ற கேள்வி முதலில் இங்கிலாந்தில் எழுந்தது. இயந்திரச் சக்கரமொன்று அடைத்துக்கொண்டபோது அதை முழு வலுவோடு திருப்பிய தொழிலாளிக்குக் குடலிறக்கம் உண்டானது. அவர் வழுக்கவில்லை, விழவில்லை. ஆகவே விபத்து இல்லை என்று முதலாளி தரப்பு வாதிட்டது. ஃபென்டன் எதிர் தோர்லி என்ற அவ்வழக்கில் 1903-இல் பிரபுக்கள் சபை, எதிர்பாராமல் நேரும் உடற்சேதமே விபத்துதான், வெளிக்காரணம் தேவையில்லை என்று தீர்ப்பளித்தது. இந்தியாவின் 1923 இழப்பீட்டுச் சட்டம் அதே பிரிட்டிஷ் மரபில் பிறந்தது. ஆனால் இந்தத் தீர்ப்பு காப்பது ஒரு குறிப்பிட்ட கணத்தில் வந்த காயத்தை. பத்தாண்டுத் தேய்மானத்துக்குக் கணம் எங்கே? எந்த மூட்டை, எந்த நாள், யார் சாட்சி என்று கேட்டால் தொழிலாளியிடம் பதில் இருக்காது. தொழிற்சாலைச் சட்டம் அறிவிக்க வேண்டிய 29 தொழில் நோய்களைப் பட்டியலிட்டது; ஈய நச்சிலிருந்து தோல் அழற்சி வரை அதில் உண்டு, முதுகு இல்லை. பல சட்டங்களை இணைத்து 2020-இல் இயற்றப்பட்ட பணிப் பாதுகாப்புத் தொகுப்பும் அந்த இடைவெளியை நிரப்பவில்லை. பட்டியலில் இல்லாத நோய் கணக்கிலும் வராது.

எடை வரம்பு வேறொரு வழியில் வந்தது. பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பு 1967-இல் 127-ஆம் உடன்படிக்கையை நிறைவேற்றியது. உடல்நலத்துக்குக் கேடு தரும் எடையை எந்தத் தொழிலாளியும் கையால் தூக்கும்படி செய்யக்கூடாது என்பது அதன் சாரம். அதனுடன் வந்த 128-ஆம் பரிந்துரை வளர்ந்த ஆணுக்கு 55 கிலோ என்ற எண்ணைக் குறித்தது. இந்தியா 2010-இல் அந்த உடன்படிக்கையை ஏற்றது. அந்த ஏற்புக்கு வெகு முன்பே மும்பையின் மாதாடிகள், அதாவது தலைச்சுமைத் தொழிலாளர்கள், 1969-இல் தமக்கென ஒரு சட்டத்தைப் பெற்றிருந்தார்கள். கேரளம் 1978-இல் சுமட்டுத் தொழிலாளர் சட்டத்தையும் தமிழ்நாடு 1982-இல் உடலுழைப்புத் தொழிலாளர் சட்டத்தையும் இயற்றின. கேரளத்தில் பதிவும் நலவாரியமும் வந்தன. சந்தையில் நிற்கும் கூலியாளுக்கும் ஓர் அடையாள அட்டை கிடைத்தது. இது சிறிய காரியமல்ல.

இருந்தும் சுமட்டுத் தொழிலாளரைப் பற்றிக் கேரளத்தில் நடந்த பொதுவாதம் பெரும்பாலும் நோக்குக்கூலியைச் சுற்றியே சுழன்றது. வேலை செய்யாமல் பார்த்துக்கொண்டு நின்றதற்குக் கூலி கேட்கும் அந்த வழக்கம் 2018 மே 1 முதல் தடை செய்யப்பட்டது, தடை நியாயமானதே. ஆனால் நின்றவர்களைப் பற்றிய கூச்சலில் தூக்கியவர்களின் முதுகு மறந்துபோயிற்று. 2021-இல் ஒருவழியாக அமைச்சரவை சட்டத் திருத்தத்துக்கு ஒப்புதல் அளித்தது: ஒருவர் சுமக்கக்கூடிய உச்ச எடை 75 கிலோவிலிருந்து 55 ஆகவும், பெண்களுக்கும் இளவயதினருக்கும் 35 ஆகவும் குறைய வேண்டும் என்பது முடிவு. பழைய 75 கிலோ மூட்டைக்கு இது முற்றுப்புள்ளி. எனினும் 55 என்ற எண் 50 கிலோ சாக்கைத் தொடாமல் விட்டுவிடுகிறது. நாளைக்கு எத்தனை முறை, எவ்வளவு உயரத்துக்கு என்பதைப் பற்றியும் அது பேசவில்லை. ஒரு முறை 60 கிலோ தூக்குவதைவிட நூறு முறை 50 கிலோ தூக்குவதே முதுகுக்குக் கொடிது.

தடுப்பில் பலித்ததும் பலிக்காததும்

முட்டியை மடக்கு, முதுகை வளைக்காதே என்ற சுவரொட்டி உலகெங்கும் தொங்குகிறது. அமெரிக்க அஞ்சல் துறையில் சுமார் நாலாயிரம் ஊழியர்களுக்குச் சரியாகத் தூக்கும் பயிற்சி கொடுத்துப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். 1997-இல் வெளியான முடிவின்படி பயிற்சி பெற்றவர்களுக்கும் பெறாதவர்களுக்கும் காயத்தில் வேறுபாடு இல்லை. பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தவர்களும் அதையே கண்டார்கள். காரணம் எளியது. பெரிய சாக்கு இரண்டு முட்டிகளுக்கு நடுவே நுழையாது. முட்டியை மடக்கினால் சாக்கு இன்னும் முன்னால் போய் நெம்புகோல் நீள்கிறது. நூறு முறை உட்கார்ந்து எழ எந்தத் தொடையாலும் முடியாது. இடுப்புப் பட்டையும் அப்படியே. 2000-இல் வெளியான ஒரு பெரிய அமெரிக்க ஆய்வு, கடைகளில் சரக்கு அடுக்கும் ஊழியர்களிடம் பட்டையால் காயம் குறையவில்லை என்று காட்டியது.

பலன் தருவது இடத்தையும் பொருளையும் மாற்றுவதே. லாரித் தளத்தின் உயரத்துக்குக் கட்டிய மேடை, தூக்குவதைத் தள்ளுவதாக மாற்றுகிறது. இரண்டு சக்கர டிராலி நடையை உடம்பிலிருந்து எடுத்துவிடுகிறது. அட்டியை நெஞ்சுயரத்துக்கு மேல் போகாமல் நிறுத்துவதும், கனமான சரக்கை இடுப்புயரத்தில் வைப்பதும் காசு அதிகம் கேட்காத ஏற்பாடுகள். தோட்டங்களில் எடை போடும் இடத்தைச் சரிவுக்கு அருகில் கொண்டுவந்தால் பெண்கள் சுமக்கும் தூரம் பாதியாகும். இயந்திரம் வந்தால் வேலை போகும் என்ற அச்சம் கூலிக்காரர்களிடம் இருக்கிறது. அது வீண் அச்சமல்ல. ஆகவே டிராலியும் மேடையும் வந்தபின் டன் கூலியைக் குறைக்காதிருப்பது, அந்தக் கருவிகளைத் தொழிலாளர் ஏற்பதற்கு முதல் நிபந்தனை.

எல்லாவற்றிலும் முதன்மையானது சாக்கின் அளவு. பிரிட்டனில் 1992-இல் கையால் சுமை கையாளும் விதிகள் வந்தபின் 50 கிலோ சிமெண்ட் மூட்டை மறைந்து 25 கிலோ ஆனது. இந்தியாவில் சிமெண்ட் மூட்டை இன்றும் 50 கிலோ. மாற்றவே முடியாத அளவா அது? யூரியா மூட்டை 2018 வரை 50 கிலோவாக இருந்தது. மூட்டைக் கணக்கில் வயலுக்குப் போடும் விவசாயி சற்றுக் குறைவாகப் போடட்டும் என்று ஒன்றிய அரசு அதை 45 கிலோவாக்கியது. ஆலைகளின் சாக்கு தைக்கும் இயந்திரமும் கடைகளின் விலைப்பட்டியலும் அந்த ஆணைக்கு இணங்கிவிட்டன. உரத்தைச் சேமிக்க எடுத்த முடிவு அது. ஒவ்வொரு முறை தூக்கும்போதும் 5 கிலோ குறைந்தது, யாரும் கேட்காமல் உரக்கடைக் கூலியாளுக்குக் கிடைத்தது. சிமெண்டுக்கும் வெங்காயத்துக்கும் தீவனத்துக்கும் அப்படி ஓர் ஆணை இதுவரை வரவில்லை. வேலந்தாவளத்தில் தக்காளிப் பெட்டிக்குப் பக்கத்தில் அந்த 50 கிலோ சாக்கு இன்றும் அட்டியில் இருக்கிறது.